மாலை போட்டு வாங்கிப் போன துப்பாக்கி

கிஷ்டப்ப நாயுடு ஒரு வாடிப்போன சாமந்தி மாலையைக் கொண்டுவந்து என் டைப்ரைட்டர் மேல் போட்டார்.

"இத நீயே வெச்சிக்கோம்மா. எந்துப்பாக்கிய எனக்கு வாங்கிக் குடு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் இவருக்காகத்தான் எம்.எல்.ஏ.வுக்கு ஒரு மனு டைப் அடித்திருந்தேன். துப்பாக்கிச் சட்டத்தைத் தளர்த்தி, குடியானவர்களுக்கு லைசென்ஸைச் சுலபமாகக் கொடுக்க வேண்டும் என்பது மனு. இப்போது இருந்த ஒரே துப்பாக்கியும் போய்விட்டது என்கிறார்.

"யார் எடுத்துண்டு போனா?" என்று கேட்டேன்.

"எம்.எல்.ஏ.வே வந்தாரும்மா. இஸ்கூல்ல மேடை போட்டு, பசங்கள கைதட்டச் சொல்லி, மாலைய என் கயுத்துல போட்டாரு. 'தன் துப்பாக்கிய தானே முன்வந்து ஒப்படைச்ச தியாகி'ன்னாரு. தியாகின்னா இன்னாவோ ஏதோன்னு நானும் கும்புட்டுக்கினு நின்னேன். நிமிந்து பாத்தா துப்பாக்கி ஜீப்புல போய்க்கினு கீது!"

சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். கடலை பிடுங்க இன்னும் இருபத்தைந்து நாள்தான் இருந்தது. பூண்டி ஏரிக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டி அவர் நிலம். காட்டுப்பன்றி இறங்கினால் ஒரு பொழுதில் கால் கொல்லையைக் கிளறிவிட்டுப் போய்விடும். "அந்தக் கடலை பூடுச்சின்னா வருஷம் பூரா வயித்துல ஈரத்துணிதாம்மா" என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. மனுவில் என்னவோ தப்பு நடந்திருக்கிறது என்று அப்போதே தோன்றிவிட்டது.

1. கொட்டகை

அறுபதுகளின் கடைசியில் நான் திருவள்ளூர் தாலுகா ஆபீஸ் காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகையில் ஜாப் டைப்பிஸ்டாக இருந்தேன். முதலாளி சிங்காரம். பழைய வக்கீல் குமாஸ்தா. வக்கீல் காலமான பிறகு மேஜை, நாற்காலி, ஒரு தமிழ் டைப்ரைட்டர் மூன்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டு மனு எழுத உட்கார்ந்துவிட்டார். மெஷின் இருந்ததே தவிர அவருக்கு அடிக்கத் தெரியாது. அதனால் டைப்பிங்கில் லோயர் பாஸ் செய்திருந்த எனக்கு வேலை கிடைத்தது.

எங்கள் அப்பா கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிறவர். "தாலுகா கச்சேரி வாசல்ல உக்காந்து ஊரார் சண்டைய டைப் அடிக்கறதா? நன்னாருக்குடி" என்றார். "நான் அடிக்காட்டா மட்டும் சண்டை போடாம இருப்பாளா?" என்று நான் பதில் சொன்னேன். எனக்கு அப்போதும் சரி, இப்போதும் சரி, கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அப்பா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் டிபன் பாக்ஸில் தயிர்சாதம் போட்டுக் கொடுத்தார்.

சிங்காரத்தின் மனு எப்போதும் இரண்டு பக்கம். "கொறைக்கு ஒரு பக்கம், கோரிக்கைக்கு ஒரு பக்கம். அதுக்கு மேல எந்த ஆபீசரும் படிக்க மாட்டான் வேதாம்மா" என்பார். முதல் பக்கத்தில் பேர், ஊர், நடந்த விஷயம். இரண்டாம் பக்கம் 'எனவே' என்று தொடங்கும். அதில் பேரே வராது. 'மேற்படி மனுதாரராகிய நான்' என்றுதான் வரும்.

இதில் ஒரு சங்கதி உண்டு. பூண்டி பக்கத்து பஸ் பத்தரைக்கு வந்து பதினொன்றுக்குத் திரும்பிவிடும். அதை விட்டால் சாயங்காலம்தான். அரை மணியில் ஒருவர் கதையைக் கேட்டு, எழுதி, டைப் அடித்து, கைநாட்டும் வாங்க முடியுமா? அதனால் சிங்காரம் கதையைக் கேட்டவுடன் ஒரு வெற்றுத்தாளின் அடியில் கைநாட்டு வாங்கிக்கொண்டு ஆளை பஸ்ஸுக்கு அனுப்பிவிடுவார். தாளின் மூலையில் பென்சிலால் அந்த ஆளின் பேரின் முதல் எழுத்தைக் குறித்து வைப்பார். பிறகு நிதானமாக அந்தத் தாளிலேயே கோரிக்கையை டைப் அடிப்போம். குண்டூசி குத்தியபின், முதல் பக்கத்தைப் பார்த்து, ரேகைக்குப் பக்கத்தில் 'இன்னார் இடது கைப் பெருவிரல் ரேகை' என்று எழுதித் தபாலில் சேர்த்துவிடுவார். சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் இப்படித்தான் செய்தார்கள். யாரும் எதுவும் கேட்டதில்லை.

2. ஒரே நாளில் வந்த இரண்டு பேர்

நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸ்களை எல்லாம் ரத்து செய்யச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள் என்று அந்த வருஷம் ஊரெல்லாம் ஒரே பேச்சு. நாயுடுவிடம் இருந்தது பயிர்க் காவலுக்கான கேப் துப்பாக்கி. மருந்தும் ரவையும் குழாயில் போட்டு இடித்துச் சுடுவது. லைசென்ஸும் ஒழுங்காக இருந்தது. பயந்துபோய் வந்தார்.

"நைனா, பன்னிக்கு சட்டம் தெரியுமா? எம்.எல்.ஏ.வுக்கு எய்தி துப்பாக்கிய காப்பாத்திக் குடு" என்றார். தெலுங்கில் கையெழுத்துப் போடத் தெரிந்த மனுஷர்தான். ஆனால் கைநாட்டுதான் பலம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். வெற்றுத்தாளில் விரலை அழுத்திவிட்டு எழுந்தார்.

அவர் இறங்கின அதே பஸ்ஸில்தான் முனியம்மாவும் வந்திருந்தாள். நாயுடு நிலத்துக்கு அடுத்த நிலத்துக்காரி. வீடும் அங்கேயே. புருஷன் இல்லை. நெல் அவிக்கிற பித்தளை அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டே வந்து சிங்காரத்தின் மேஜை மேல் டங்கென்று இறக்கினாள்.

"வெயில்ல தூக்கிப் பாரு" என்றாள். சிங்காரம் தூக்கிப் பார்த்தார். மூன்று ஓட்டை. மூன்றிலும் வெளிச்சம்.

"பன்னிய சுடறேன்னு சுட்டான் அந்த நாயுடு. பன்னி ஓடிப்போச்சு. அண்டாவால ஓட முடில. நாளைக்கு நான் நின்னுக்கினு இருந்தா இன்னா ஆவும்? எம்.எல்.ஏ.வுக்கு எய்து!"

அவளும் ஒரு வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். சிங்காரத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரே நாளில் துப்பாக்கிச் சட்டத்துக்கு எதிராக ஒன்று, ஆதரவாக ஒன்று. இரண்டையும் அவர் ஒரே ஆவேசத்தோடு சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். நாயுடுவின் கோரிக்கை: 'எனவே, மேற்படி மனுதாரராகிய எனக்கும் என் போன்ற குடியானவர் ஒவ்வொருவருக்கும் தடையின்றித் துப்பாக்கி லைசென்ஸ் வழங்கச் சட்டசபையில் குரல் எழுப்புமாறு கண்ணீர் மல்க வேண்டுகிறேன்.' முனியம்மாவின் கோரிக்கை: 'எனவே, எங்கள் ஊரிலுள்ள ஒரே துப்பாக்கியை முதற்கண் கைப்பற்றி, படிப்படியாக நாடெங்கும் துப்பாக்கிகளை ஒழித்து, உயிர்களைக் காக்கச் சட்டம் இயற்றுமாறு கண்ணீர் மல்க வேண்டுகிறேன்.' கண்ணீர் மல்காமல் சிங்காரம் ஒரு மனுவையும் முடித்ததில்லை.

நாலு மணித் தபாலுக்கு நேரமாகிவிட்டது. நான்கு தாளும் மேஜை மேல் கிடந்தன. இரண்டு தாளின் மூலையில் பென்சில் குறி அசிங்கமாகத் தெரிந்தது. எம்.எல்.ஏ.வுக்குப் போகிற மனு ஆயிற்றே என்று இரண்டையும் ரப்பரால் சுத்தமாக அழித்தேன். அப்புறம் குண்டூசி குத்தினேன். டைப் அடிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அடித்ததை விரல்தான் படித்திருக்கும், மண்டையில் ஏறியிருக்காது.

மாலையோடு நாயுடு வந்த அன்றைக்குத்தான் ஆபீஸ் காப்பியை எடுத்துப் பார்த்தேன். அதையும் நான்தானே குத்தியிருந்தேன். முதல் பக்கத்தில், 'என்னிடம் துப்பாக்கி உள்ளது, பன்றித் தொல்லை பொறுக்க முடியவில்லை' என்கிறார் நாயுடு. இரண்டாம் பக்கத்தில், 'எனவே எங்கள் ஊரிலுள்ள ஒரே துப்பாக்கியைக் கைப்பற்றுங்கள்' என்கிறார்.

அப்படியானால் முனியம்மா என்ன கேட்டிருக்கிறாள் என்று பார்க்கக்கூட தைரியம் வரவில்லை.

3. துப்பாக்கிக்காரி

பார்க்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. மறுநாள் பத்தரை பஸ்ஸில் அவளே வந்து இறங்கினாள்.

"ஊட்டாண்ட போலீசு வந்துச்சு!" என்றாள். "ஊரே கூடிடுச்சு. 'துப்பாக்கி கேட்டு மனு போட்டியாமே, இன்னாத்துக்கு?'ன்றாரு அந்த ஏட்டு. 'சுடத் தெரியுமா?'ன்றாரு. எனக்கு ரோசம் வந்துடுச்சு. 'தெரியாதுன்னா இன்னா, கத்துக்கறேன்'னு சொல்லிட்டேன். அத அப்டியே எய்திக்கினு போய்ட்டாரு."

போதாக்குறைக்கு எம்.எல்.ஏ. இரண்டு மனுவையும் சட்டசபையில் படித்திருக்கிறார். ஒரு விவசாயி தானே துப்பாக்கியைத் துறக்கிறார், ஒரு விதவைத் தாய் தற்காப்புக்குத் துப்பாக்கி ஏந்தத் துடிக்கிறார், என் தொகுதியைப் பாருங்கள் என்று பேசியிருக்கிறார். மேஜையைத் தட்டினார்களாம், ஏட்டு சொன்னாராம். இரண்டு மனுவிலும் 'மிகவும் நியாயமான கோரிக்கை. ஆவன செய்க' என்று எழுதித் தாசில்தாருக்கு அனுப்பிவிட்டார்.

அவளை வெளியில் உட்காரவைத்துவிட்டு சிங்காரத்திடம் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"பேஜாரா பூடுச்சே வேதாம்மா! வாயத் தொறக்காத. வெத்துப் பேப்பர்ல கைநாட்டு வாங்கறோம்னு தாசில்தாருக்குத் தெரிஞ்சா கொட்டாயப் பிரிச்சுப் போட்டுடுவாரு. எம்பொழப்பும் போச்சு, ஒம்பொழப்பும் போச்சு. பேசாம இன்னொரு மனு போட்டுக்கலாம்."

"அதுக்கு எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு மாசம், மூணு மாசம்."

"கடலைக்கு இருபத்திநாலு நாள்தான் இருக்கு."

சிங்காரம் மெஷினைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. கச்சேரி வாசலில் ஒரு பெண்ணை உட்காரவைத்து வேலை கொடுக்க அப்போது எவனுக்குத் துணிச்சல் இருந்தது? அவருக்கு இருந்தது. அந்த மனுஷர் பிழைப்பில் மண் விழும் என்பது எனக்கும் வலிக்கத்தான் செய்தது. ஆனால் தப்பு என் கையால் நடந்தது. நாயுடு கொல்லையில் முந்தின நாளே பன்றி இறங்கிவிட்டது என்று முனியம்மா வேறு சொல்லியிருந்தாள். தகர டப்பாவைத் தட்டித் தட்டி அவர் கை வீங்கிக் கிடக்கிறதாம். அதைச் சொல்லும்போது அவள் குரலே சரியில்லை.

மறுநாள் நாயுடுவையும் வரச் சொல்லி, இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு தாசில்தார் அறைக்குப் போனேன். கடைசி நேரத்தில் சிங்காரமும் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "இரு, நானும் வரேன்" என்று பின்னாலேயே வந்துவிட்டார்.

4. தாசில்தார் கேட்ட கேள்வி

குண்டூசியிலிருந்து ரப்பர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றுத்தாள் விஷயத்தைச் சொன்னபோது சிங்காரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாசில்தார் இரண்டு மனுவையும் எடுத்து மாற்றி மாற்றிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஏம்மா, நீ பாட்டுக்கு வந்து சொல்லிட்டே. எம்.எல்.ஏ. சட்டசபையில பேசியாச்சு. மாலை போட்டாச்சு. போட்டோ எடுத்தாச்சு. இப்ப அந்தத் தியாகியக் கூப்பிட்டு, இந்தாய்யா ஒன் துப்பாக்கின்னு திருப்பிக் குடுத்தா என்னை ராமநாதபுரத்துக்குத் தூக்கிடுவாங்க."

"எனக்கு தியாகிப் பட்டம் வேணாம் தொரை" என்றார் நாயுடு.

"அது ஒன் இஷ்டமா?" என்று சீறிய தாசில்தார், என்ன நினைத்தாரோ, மனுக்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாயுடுவை நிமிர்ந்து பார்த்தார். "சரி, மனுவ விடு. ஒனக்கு என்னதான்யா வேணும்? ஊர்ல எல்லாருக்கும் துப்பாக்கி குடுக்கணுமா?"

"ஐயையோ!" என்று நாயுடு பதறிவிட்டார். "அல்லார் கைலயும் துப்பாக்கி குடுத்தா பன்னியவா சுடுவானுங்க? எங்க பங்காளிங்கள உங்களுக்குத் தெரியாது தொரை. எனக்குப் பன்னி வரக்கூடாது. அவ்ளோதான்."

"நீ சொல்லும்மா. நாட்டுல இருக்கிற துப்பாக்கிய எல்லாம் ஒழிக்கணுமா?"

"நாட்டுல துப்பாக்கிங்க எங்கெங்க கீதுன்னு நான் கண்டனா சாமி?" என்றாள் முனியம்மா. "இவரு மேக்கால திரும்பி நின்னு சுடணும். அங்க காடு கீது, சுடட்டும். கெயக்கால சுட்டா எங்கூடு கீது. அப்பால அண்டாவுக்கு ஓட்டைய அடைச்சுக் குடுக்கணும். நான் சொன்னது இவ்ளோதான். சட்டம் கிட்டம்னு இவுங்களா எய்திக்கினாங்க."

நான் சிங்காரத்தைப் பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தவளிடம் இந்த ஒரு கேள்வியை எங்களில் ஒருத்தர் கேட்டிருந்தால் சட்டசபை வரைக்கும் போயிருக்க வேண்டியதில்லை. எனக்கு மானமே போய்விட்டது.

தாசில்தார் கொஞ்ச நேரம் பேனாவால் மேஜையைத் தட்டினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடிக்கவே நேரமாயிற்று.

"நாயுடுவுக்குத் துப்பாக்கியத் திருப்பித் தர முடியாது. ஆனா முனியம்மாவுக்குக் குடுக்கலாம். எம்.எல்.ஏ. சிபாரிசே இருக்கு. நிலமும் காட்டை ஒட்டி இருக்கு. லைசென்ஸ் இந்தம்மா பேர்ல. லைசென்ஸ்காரர் சுடலைன்னா, அவர் சார்பா சுட ரீடெய்னர்னு ஒரு ஆளைச் சேத்துக்கலாம், ரூல்ல இடம் இருக்கு. அந்த ரீடெய்னர் நாயுடு."

"அப்டீன்னா?" என்றார் நாயுடு.

"நீ முனியம்மாவோட காவல்காரன்."

நாயுடு வாயைத் திறந்தார், கடலையை நினைத்திருப்பார், மூடிக்கொண்டார்.

எழுந்து வரும்போது தாசில்தார் சிங்காரத்தைக் கூப்பிட்டார். "இனிமே படிச்சுக் காட்டாம ஒரு கைநாட்டு வாங்கினீரு, மெஷினத் தூக்கி உள்ள வெச்சுப் பூட்டிடுவேன்."

சிங்காரம் அந்த வாரம் முழுக்க என்னிடம் பேசவில்லை. டிக்டேஷன்கூட சுவரைப் பார்த்துத்தான் கொடுத்தார். ஆனால் வேலையை விட்டு நிறுத்தவில்லை.

5. பரிசீலனை

மேலிடத்து உத்தரவு பன்னிரண்டாம் நாள் வந்தது. அதற்குள் கடலையில் கால்வாசியைப் பன்றிகள் தின்று தீர்த்திருந்தன. மிச்சம் முக்கால் வீடு வந்து சேர்ந்தது. துப்பாக்கி முனியம்மா வீட்டில் மூலையில் நிற்கும். பொழுது சாய்ந்தால் நாயுடு வந்து வாசலில் நிற்பார்.

"முனிம்மா, துப்பாக்கிய குடு."

"எந்தப் பக்கம் சுடுவ?"

"மேக்கால."

"எடுத்துக்கினு போ."

தினமும் இந்தக் கேள்வி பதில் முடிந்தால்தான் துப்பாக்கி வெளியே வருமாம். நாயுடுவே என்னிடம் சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

கொட்டகையில் அன்று முதல் படித்துக் காட்டுவது என் வேலையாயிற்று. படித்தவுடன் பாதிப்பேர், "இதயா நான் கேட்டேன்?" என்றார்கள். அடித்து எழுதினோம். பதினொரு மணி பஸ்ஸை விட்டுவிட்டு சாயங்காலம் வரை திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் கேட்டது கிடைத்தவர்களின் எண்ணிக்கை கூடிற்று.

பின்னால் எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ஃபாக்டரி ஆபீஸுக்கு ஸ்டெனோவாகப் போனேன். மேனேஜர்கள் மூச்சுவிடாமல் இரண்டு பக்கம் டிக்டேட் செய்வார்கள். கடைசியில், "சார், இந்த லெட்டர்ல உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பேன். முறைப்பார்கள். அப்புறம் யோசிப்பார்கள். பெரும்பாலும் அது ஒரே வரியில் முடிகிற விஷயமாக இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வதும் இது ஒன்றுதான். ஸ்பீடு அப்புறம் வரும். முதலில் எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

முனியம்மா கதையை முடித்துவிடுகிறேன். கடலை பிடுங்கிய மறுவாரம் ஒரு முறம் பச்சைக் கடலையோடு வந்தாள். எம்.எல்.ஏ.வுக்கு ஒரு மனு எழுத வேண்டும் என்றாள்.

"என்ன வேணும்னு சொல்லுங்கோ, அத மட்டும் எழுதறேன்" என்றேன். அதற்குள் நான் தேறியிருந்தேன்.

"ஒண்ணும் வேணாம். நல்லா கீறோம்னு எய்து. பாவம், அந்த மனுசன் நம்மளுக்காவ தொண்டத்தண்ணி வத்த பேசுனாரு."

கோரிக்கை இல்லாத மனுவா? சிங்காரம் அரை மணி நேரம் தவித்தார். கண்ணீரையாவது மல்கவிடலாமா என்று கேட்டார். நான் விடவில்லை. இரண்டே வரி. 'தங்கள் தயவால் நலமாக இருக்கிறோம். எங்களுக்கு எதுவும் வேண்டாம்.' படித்துக் காட்டினேன். திருப்தியாகக் கைநாட்டு வைத்தாள்.

ஒன்றரை மாதத்தில் எம்.எல்.ஏ. ஆபீஸிலிருந்து பதில் வந்தது. அச்சடித்த கார்டு. அதை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஓடிவந்தாள்.

"இன்னா போட்டுகீது கண்ணு?"

படித்தேன். "'தங்கள் கோரிக்கை அரசின் பரிசீலனையில் உள்ளது. விரைவில் ஆவன செய்யப்படும்.'"

முனியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயையோ! பரிசீலிச்சு எதையாச்சும் குடுத்துடப் போறாங்க! வேணாம்னு ஒடனே இன்னொரு மனு எய்து தாயே!"

எழுதினேன். படித்துக் காட்டினேன். "இன்னொரு வாட்டி படி" என்றாள். இன்னொரு முறையும் படித்தேன். அதற்கப்புறம்தான் மையில் விரலை வைத்தாள்.